ஸ்லைடு எண்ணிக்கை பயிற்சி ஆகாது

ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது புதிய கருவி, வேகமான ரிப்போர்ட், செயற்கை நுண்ணறிவு என்றே போகிறது. ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடப்போகும் மருத்துவர் எப்படிப் பழக்கப்படுகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. நோய்க்குறியியலிலும் (திசுவையும் அணுக்களையும் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) ஆய்வக மருத்துவத்திலும் மேற்படிப்புப் பயிற்சி நாட்டுக்கு நாடு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நடக்கிறது. அந்த ஆண்டுகள் எங்கே செலவாகின்றன என்பதுதான் எங்கள் கவலை.

பெரும்பாலான இடங்களில் பயிற்சியின் அளவுகோல் மைக்ராஸ்கோப்தான். எத்தனை ஸ்லைடு பார்த்தாய், எத்தனை கேஸ் பதிவேட்டில் ஏறியது என்பதே கணக்கு. ஆனால் ஆய்வகத்தில் நோயாளிக்குக் கேடு செய்யும் பிழைகளில் பெரும்பகுதி ஸ்லைடு மைக்ராஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே நடக்கிறது: சாம்பிள் எடுத்த இடத்தில், அது வந்த டப்பாவில், வெட்டிய மேஜையில். மிச்சத்தில் ஒரு நல்ல பங்கு ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு தொலைபேசியில் நடக்கிறது. இந்த இரண்டு முனைகளும் பயிற்சியில் இளைத்துக் கிடக்கின்றன.

முதலில் கிராஸிங் மேஜை. அறுவை சிகிச்சையில் எடுத்த உறுப்பைப் பார்த்து, அளந்து, எடை போட்டு, வெட்டி, எந்தத் துண்டு மெழுகு பிளாக்காக வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் அது. முதலாண்டு மாணவரை அங்கே நிறுத்திவிட்டு மூத்தவர்கள் மேலே போய்விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. துறையிலேயே திருத்த முடியாத வேலை இதுதான். ஸ்லைடைத் தவறாகப் படித்தால் நாளைக்கு இன்னொருவர் எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். எடுக்காமல் விட்ட துண்டு, உறுப்பை அப்புறப்படுத்திய பிறகு யாருக்கும் கிடைக்காது.

ஃபார்மலினில் இருந்தே தொடங்க வேண்டும். 1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் இதைத் திசுவைப் பதப்படுத்தப் பரிந்துரைத்த நாளிலிருந்து துறையே இதன் மேல் நிற்கிறது. ஆனாலும் '10 சதவீத ஃபார்மலின்' என்றால் என்ன என்று கேட்டால் தடுமாறும் மூன்றாமாண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். கடையிலிருந்து வரும் செறிவான கரைசலில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் கிடைப்பதுதான் நாம் சொல்லும் 10 சதவீதம். உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 4 சதவீதமே. பாஸ்பேட் சேர்த்து அமிலத்தன்மையைச் சமன் செய்யாவிட்டால் நாளடைவில் அது ஃபார்மிக் அமிலமாக மாறும்; ரத்தம் நிறைந்த திசுவில் பழுப்புக் கறுப்புத் துகள்கள் படியும். அதைக் கிருமி என்றோ இரும்பு என்றோ நினைத்துச் சிறப்புச் சாயம் போட்டு நேரத்தை வீணாக்குபவர் உண்டு.

அளவு இன்னொரு தொல்லை. திசுவின் கொள்ளளவைப்போலக் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் பதினைந்து இருபது மடங்கு திரவம் வேண்டும். சின்ன டப்பாவில் பெரிய கட்டியைத் திணித்து, மேலே இரண்டு கரண்டி ஃபார்மலின் ஊற்றி அனுப்புவதுதான் நடைமுறை. ஃபார்மலின் ஊடுருவும் வேகம் தோராயமாக மணிக்கு ஒரு மில்லிமீட்டர். ஆழம் கூடக்கூட அதுவும் குறையும். முழுசாக ஊறப்போட்ட மார்பகத்தில் மறுநாள் காலையில் மேற்பரப்பு கெட்டியாக இருக்கும், நடுவில் இருக்கும் கட்டியோ தன்னைத்தானே செரித்துக்கொண்டிருக்கும். ஆகவே வந்தவுடன் (கட்டி விளிம்பைத் தொடுகிறதா என்று பிறகு தெரிய) வெட்டு விளிம்புக்கு மை தடவி, 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறி, இடையிடையே துணியோ காகிதமோ வைத்துத் திரவத்தில் விட வேண்டும். மார்பகப் புற்றில் எந்த மருந்து என்று தீர்மானிக்கும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகியவற்றின் சோதனையைச் செய்ய, உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் வைத்திருக்க வேண்டும் என்பது அறியப்பட்ட வரையறை. இதைத் தவறவிட்டால் ஏற்பி இருந்தும் 'இல்லை' என்று வரும். அந்த ஒரு சொல்லால் அந்தப் பெண் பல ஆண்டுகள் எடுத்திருக்க வேண்டிய ஹார்மோன் தடுப்பு மாத்திரையை இழக்கிறார். சாயம் போட்ட டெக்னீஷியனைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு அதற்கு முன்பே, உறுப்பு கிடந்த வாளியில் நடந்துவிட்டது. எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதாமல் வந்தால் அறுவை அரங்குக்குப் போன் செய்து கேட்பது பயிற்சி மருத்துவரின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

மை தடவுவதிலும் நுணுக்கம் உண்டு. மை தடவியவுடன் கத்தி வைத்தால் அது வெட்டின் உள்ளே ஓடி, விளிம்பைத் தொடாத கட்டியைத் தொட்டதுபோலக் காட்டும். இன்னொரு அறுவை சிகிச்சைக்கு அது வழி வகுக்கும். ஒற்றி எடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் மையை நிலைநிறுத்தி, உலர விட்டுத்தான் வெட்ட வேண்டும். கேசட்டில் (திசுத் துண்டை வைக்கும் சிறு பெட்டி) வைக்கும் துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூடி மூடுகிறதே என்று அழுத்தி அடைத்தால் ஆல்கஹாலும் சைலீனும் மெழுகும் உள்ளே போகாது. மைக்ரோடோமில் 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவும்போது நடுப்பகுதி பொத்தலாகக் கழன்று விழும். பெருங்குடல் புற்றில் குறைந்தது 12 நிணநீர்க்கணுக்கள் கிடைக்க வேண்டும். ஏழு கிடைத்தவுடன் போதும் என்று விட்டால் நோயின் நிலை உண்மையைவிடக் குறைவாகப் பதிவாக வாய்ப்புண்டு. கொழுப்பைக் கத்தியால் தேடாமல் விரல் நுனியால் நசுக்கித் தேட வேண்டும். பல கணுக்கள் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை. மலக்குடலில் பக்கவாட்டு விளிம்புக்கும் கட்டிக்கும் இடையில் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் விளிம்பு பாதிக்கப்பட்டதாகவே கொள்வார்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் தெரிவதும் தெரியாமல் போவதும் வெட்டிய கோணத்தில் இருக்கிறது.

ஒரு கேஸ் முடிந்து அடுத்ததைத் தொடும்முன் கத்தி, இடுக்கி, பலகை மூன்றையும் துடைக்காவிட்டால் ஒருவரின் புற்றணு இன்னொருவரின் ஸ்லைடில் மிதந்து வரும். ஒரே வகைச் சிறு பயாப்சிகளை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் வேறு உறுப்பு ஒன்றை நுழைப்பது பழைய ஆய்வகங்களின் தந்திரம். செலவில்லாதது, இப்போது மறந்துபோய்விட்டது.

ஃபார்மலினில் போடவே கூடாதவை தனிப் பாடம். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்று) சந்தேகத்தில் எடுத்த நிணநீர்க்கணு வந்தால், புதுசாகவே குறுக்கே வெட்டி, கண்ணாடியில் தொட்டு அச்செடுத்து, ஒரு பகுதியை ஃபுளோ சைட்டோமெட்ரிக்கு (அணுக்களை வகைபிரித்து எண்ணும் சோதனை) ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் பதப்படுத்த வேண்டும். காசநோய் சந்தேகம் இருந்தால் வளர்ப்புச் சோதனைக்கு ஒரு துண்டு ஃபார்மலின் படாமல் போக வேண்டும். சிறுநீரக பயாப்சியில் இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு (ஒளிரும் எதிர்ப்பொருளால் செய்யும் சோதனை) ஒரு பகுதி தனியே. தசை பயாப்சி உறைநிலையில். கவுட் நோயின் (மூட்டில் யூரேட் படிவது) படிகம் தேட வேண்டுமானால் தூய ஆல்கஹால். நீருள்ள திரவத்தில் யூரேட் கரைந்துவிடும், பிறகு அது இருந்த குழி மட்டும் மிஞ்சும். எலும்பில் இன்னொரு பொறி: முழுதும் பதப்படுவதற்கு முன் சுண்ணாம்பை நீக்கும் அமிலத்தில் போட்டாலோ, கடும் அமிலத்தில் அதிக நேரம் விட்டாலோ டி.என்.ஏ. சிதையும், மரபணுச் சோதனை கேட்டுக் கடிதம் வரும்போது கையை விரிக்க வேண்டியதுதான். சுண்ணாம்பை நீக்க ஈ.டி.டி.ஏ. என்ற கரைசல் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் எடுக்கும், ஆனால் டி.என்.ஏ.வைக் காப்பாற்றும்.

ஃபுரோசன் செக்‌ஷனைப் பற்றி ஒன்றிரண்டு. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்த்துப் பதில் சொல்வது இது. 1905-இல் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் நடைமுறைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதன் பதற்றம் மாறவில்லை. ஒற்றைத் துண்டு என்றால் வந்த 20 நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். கிரையோஸ்டாட்டை (உறைந்த திசுவைச் சீவும் குளிர்க்கருவி) பொதுவாக மைனஸ் 20 டிகிரி அளவில் வைப்பார்கள். கொழுப்பு நிறைந்த மார்பகத் துண்டுக்கு மைனஸ் 30 வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தியில் இழுபடும். மூளைத் திசுவை மெதுவாக உறையவைத்தால் பனிப்படிகம் ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதை நீர்க்கோப்பு என்று படித்துவிடுவார்கள். இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். கற்றுத்தர வேண்டியது வேறொன்று: அறுவை மருத்துவர் என்ன முடிவெடுப்பதற்காகக் கேட்கிறார் என்று கேட்டறிவது, பதில் எதுவானாலும் அவர் செய்யப்போவது மாறாது என்றால் உறையவைக்க மறுப்பது, தெரியாதபோது 'மெழுகில் பதித்த நிலையான செக்‌ஷன் வரட்டும்' என்று கூசாமல் சொல்வது. தைராய்டில் ஃபாலிகுலர் கட்டி தன்னைச் சுற்றியுள்ள உறையை ஊடுருவியதா என்று ஃபுரோசனில் கேட்டால், ஒன்றிரண்டு துண்டை வைத்துச் சொல்ல முடியாது என்று எடுத்துச் சொல்லும் தைரியம் இரண்டாமாண்டிலேயே வந்திருக்க வேண்டும். அந்த வாக்கியத்தைப் பேராசிரியர் சொல்லக் கேட்டால் மட்டும் போதாது. மாணவர் தாமே தொலைபேசியை எடுத்துச் சொல்ல வேண்டும், மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

இனி ஆய்வக மருத்துவம். பயிற்சியில் இந்தப் பாதி சுற்றுலாப் பயணம்போல நடக்கிறது. உயிர்வேதியியலில் ஒரு மாதம், ரத்தவியலில் இரண்டு, நுண்ணுயிரியலில் ஒன்று, ரத்த வங்கியில் ஒன்று. கருவிக்குப் பின்னால் கைகட்டி நின்றுவிட்டு வருகைப்பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பயிற்சி மருத்துவரிடம் கொடுக்க வேண்டியது நம்பமுடியாத எண்கள். நலமாக நடந்து வந்த ஒருவருக்குப் பொட்டாசியம் 9, கால்சியம் அதலபாதாளத்தில், ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடவே இறக்கம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவுடன், ரத்தம் உறையாமல் காக்க ஈ.டி.டி.ஏ. உப்பு போட்ட குழாயின் ரத்தம் வேறு குழாயில் கலந்துவிட்டது என்று தோன்ற வேண்டும். அந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, கால்சியத்தையும் அந்த என்சைமுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. ரத்தப் புற்றில் வெள்ளணு பல லட்சம் இருக்கும் நோயாளியின் குழாய் காற்றழுத்தக் குழல் வழியே அடிபட்டு வந்தால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயரும். பிரித்தெடுக்காமல் வைத்த ரத்தத்தில் அறை வெப்பத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். மிகத் தாழ்வு, டி4 மிக உயர்வு, ஆளுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை என்றால், தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கத் தெரிய வேண்டும்; பயோட்டினைச் சார்ந்து இயங்கும் இம்யூனோ சோதனைகளில் அது இரண்டையும் எதிரெதிர்த் திசையில் தள்ளும்.

ரத்த எண்ணிக்கையிலும் அப்படியே. பிளேட்லெட் (தட்டணு) 20 ஆயிரம் என்று கருவி சொன்னால், ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்தெடுத்த ஸ்மியரின் ஓரத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட் போகக் கூடாது. ஈ.டி.டி.ஏ.வால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து எண்ண வேண்டும், திரவம் நீர்க்கவைத்ததற்காக 1.1-ஆல் பெருக்க வேண்டும். சிவப்பணு எண்ணிக்கை தாழ்வு, அணு அளவு பெரிது, எம்.சி.எச்.சி. (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் செறிவு) நம்ப முடியாத உயரம் என்றால் குளிரில் ஒட்டும் எதிர்ப்பொருள். குழாயை 37 டிகிரியில் வைத்துச் சூடாறாமல் ஓட்டினால் எண்கள் ஒழுங்காகும். ரத்த உறைவுச் சோதனையில் சிட்ரேட்டுக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்பது என்ற விகிதம் குலைந்தால் நேரம் நீளும். குழாய் நிறையாவிட்டாலும் நீளும். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டினாலும் நீளும், ஏனென்றால் பிளாஸ்மா குறைந்து சிட்ரேட் மிஞ்சிவிடுகிறது. வார்டில் இதற்காகப் பிளாஸ்மா ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து.

தரக்கட்டுப்பாட்டை டெக்னீஷியன் வேலை என்று ஒதுக்குவது பெரிய பிழை. லீவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் வரைந்து காட்டிய அட்டவணையும், வெஸ்ட்கார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1981-இல் தந்த விதிகளும் எல்லா ஆய்வகத்துச் சுவரிலும் தொங்குகின்றன. படிக்கத் தெரிந்தவர் குறைவு. ஒரு கன்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே விழுவது கருவி முழு நலமாக இருந்தாலும் இருபதில் ஒரு முறை நடக்கும். இரண்டு கன்ட்ரோல் ஓட்டினால் நூற்றுக்கு ஒன்பது தடவை ஏதாவது ஒன்று வெளியே விழும். ஆகவே அதைப் பார்த்தவுடன் நிறுத்தவும் வேண்டாம், உள்ளே வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டவும் வேண்டாம். இந்த இரண்டாவது பழக்கம்தான் கொடியது: பகடையை விரும்பிய எண் விழும்வரை உருட்டிக்கொண்டிருப்பது அது. ஒரே பக்கத்தில் பத்துப் புள்ளிகள் வரிசையாக விழுந்தால், ஒன்றுகூட எல்லையைத் தாண்டாவிட்டாலும், கருவி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. ரீஏஜென்ட் லாட் எப்போது மாறியது, கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் என்று தேட வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் இப்படிப் பழுதான அட்டவணை ஒன்றைக் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடி, எந்த நோயாளிகளின் ரிப்போர்ட்டைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எழுது என்று விட்டால் போதும். ஒரு மாதச் சுற்றுலாவைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

நுண்ணுயிரியலைச் சுருக்கமாகவே சொல்கிறோம். சளியில் ஒரு தாழ் உருப்பெருக்கப் புலத்துக்குப் பத்துக்கு மேல் தட்டை எபிதீலிய அணுக்கள் இருந்தால் அது எச்சில். வளர்ப்புக்கு வைக்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் பயிற்சி மருத்துவருக்கு இருக்க வேண்டும். பெரியவர்களின் ரத்த வளர்ப்புச் சோதனைக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும், இரண்டு தொகுதியாவது வேண்டும். இரண்டு மில்லி அனுப்பிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று நிம்மதி அடைவது வீண்.

ரத்த வங்கி வேறு. அங்கே பிழை மணிக்கணக்கில் கொல்லும். ரத்தம் ஏறும்போது காய்ச்சல், இடுப்பு வலி, சிவந்த சிறுநீர் என்று நள்ளிரவில் போன் வந்தால் பயிற்சி மருத்துவர் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய சொல் 'நிறுத்துங்கள்'. ஊசியை எடுக்காமல் சலைன் ஓட விடச் சொல்ல வேண்டும், நோயாளியின் கைப்பட்டியையும் பையின் லேபிளையும் உரக்கப் படித்து ஒப்பிடச் சொல்ல வேண்டும், புதிய ரத்த மாதிரியும் பையும் குழலும் சேர்ந்து திரும்பி வர வேண்டும். ஆய்வகத்தில் முதல் வேலை காகிதங்களைச் சரிபார்ப்பது, அடுத்தது பிளாஸ்மாவின் நிறம், பிறகு நேரடி ஆன்டிகுளோபுலின் சோதனை (சிவப்பணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்பது), ரத்த வகையை மறுபடி பார்ப்பது. ஏபிஓ பொருந்தா ரத்தம் ஏறுவதற்கு அடிப்படை பெரும்பாலும் குழாயில் தவறான பெயர் ஒட்டியதே, அல்லது தவறான ஆளுக்குப் பையை மாட்டியதே. வகை முன்பு பதிவாகாத நோயாளிக்குத் தனித்தனி நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகள் கேட்பது அதனால்தான். பெருத்த ரத்தப்போக்கில் ஓ வகையை உடனே கொடுக்கலாம். ஆனால் அது ஏறுவதற்கு முன் ஒரு மாதிரி எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் கலப்புப் படம்தான் தெரியும். தட்டணுப் பையைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன் என்று வார்டிலிருந்து சொன்னால் திரும்ப வாங்கக் கூடாது. அது 20 முதல் 24 டிகிரியில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டியது. இவற்றை ஒரு மாதத்தில் பகலில் மட்டும் வந்துபோகிறவர் கற்க மாட்டார். இரவுப் பணி வேண்டும், பின்னால் கூப்பிட்டவுடன் எடுக்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

மைக்ராஸ்கோப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அதையும் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்றே சொல்கிறோம். பேராசிரியரோடு பலதலை மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து, அவர் ஸ்லைடை நகர்த்த நகர்த்தப் பார்த்துத் தலையாட்டுவது சினிமா பார்ப்பதற்குச் சமம். முந்தின நாளே ஸ்லைடுகள் மாணவர் கைக்கு வர வேண்டும். கிராஸிங் குறிப்பு, பழைய ரிப்போர்ட், மருத்துவ விவரம் எல்லாவற்றையும் வைத்துத் தமது முடிவை முழு ரிப்போர்ட்டாக எழுதி வைக்க வேண்டும். 'இப்படியும் இருக்கலாம்' என்று வழுக்கவிடாமல் ஒரே முடிவில் நிற்க வேண்டும். மறுநாள் பேராசிரியர் திருத்தும்போது எழுதியதற்கும் போனதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தத் திருத்தங்களைப் புரட்டினால் மாணவரின் பலவீனம் எந்த உறுப்பில் என்று தானாகத் தெரியும். பதிவேட்டில் உள்ள ஆயிரம் கேஸ் எண் இதைச் சொல்லாது. இதற்குத் தடையாக நிற்பது ஒன்றே: நாள் முழுக்கக் கிராஸிங்கும் எழுத்து வேலையுமாக மாணவரை வைத்திருந்தால் முன்பார்வைக்கு நேரம் எங்கிருந்து வரும்? கிராஸிங்கும் முன்பார்வையும் ஒரே நாளில் விழாதபடி மூன்று நாள் சுழற்சி வைத்தாலே இது தீரும்: முதல் நாள் வெட்டு, இரண்டாம் நாள் அதே கேஸ்களின் முன்பார்வை, மூன்றாம் நாள் கையெழுத்து மேஜை. தாம் வெட்டியதைத் தாமே கண்ணாடியில் பார்க்கிறவர், தாம் எடுக்கத் தவறிய துண்டு எது என்பதையும் அன்றே கண்டுகொள்வார்.

கடைசியாகத் தேர்வு. எந்தப் பயிற்சியும் தேர்வு கேட்பதையே கற்பிக்கும். இப்போது தட்டில் பத்துப் பதினைந்து ஸ்லைடு, ஒரு கண்ணாடி ஜாடியில் பல்லாண்டாக ஊறும் உறுப்பு, ஒரு வாய்மொழித் தேர்வு. அந்த ஜாடியை எடுத்துவிட்டு, அன்று காலை வந்த உறுப்பு ஒன்றை வாளியோடு வைக்கலாம்; மை தடவி, கீறி, எந்தத் துண்டு ஏன் என்று சொல்லிக்கொண்டே எடுக்கட்டும். பக்கத்தில் பழுதான கன்ட்ரோல் அட்டவணை ஒன்று இருக்கட்டும். நடுவில் தேர்வாளர் தொலைபேசியில் அழைத்து, 'பொட்டாசியம் 7.8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அதை இறக்க இன்சுலின் போடட்டுமா?' என்று கேட்கட்டும். மாணவர் என்ன கேள்வி திருப்பிக் கேட்கிறார் என்பதற்கு மதிப்பெண் போடட்டும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல், ஆய்வக மருத்துவப் பயிற்சியில் உள்ள ஆசிரியர்கள் சிலர்